ஆறாயிரம் தோட்டாவும் ஒரு கட்டைவிரலும்

மார்ச் 4, செவ்வாய்

வேகக் கேமரா வந்துவிட்டது. ஒரு தோட்டா வெடித்து அடுத்த தோட்டா உள்ளே போய் உட்கார ஆகும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. அதை இந்தக் கேமரா ஒரு நிமிடமாக இழுத்துக் காட்டுகிறது. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழலுக்குள்ளிருந்து கொஞ்சம் புகை திரும்பி வந்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் ஒரு கால் சுற்று திரும்பிப் பூட்டை விடுகிறது. வெற்றுத் தோட்டாக்கூடு மீன்போலத் துள்ளி வெளியே போகிறது. பின்னால் இருக்கிற ஸ்பிரிங்கில் அலை ஓடுகிறது. நிஜமான அலை! எஃகு அப்படி நெளியும் என்று படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்றுதான். கடைசியில் போல்ட் முன்னே வந்து மோதி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி உட்காருகிறது, கூச்சப்படும் விருந்தாளி நாற்காலியில் உட்காருவதுபோல.

இது எதற்கான பொருள் என்பது பார்க்கும்போது மறந்தே போகிறது. மறக்கலாமா? தெரியவில்லை.

மைக்செட் அண்ணன் எட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடமாக எங்கள் சோதனை அறையில் ரைபிள்களைச் சுட்டுப் பார்ப்பவர். காது பாதி போய்விட்டது, அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார். தொழிற்சாலை முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. ஆகவே நான் சீட்டில் எழுதிக் காட்டுவேன், அவர் கத்திப் பதில் சொல்வார்.

“இதையா தங்கச்சி நான் தினமும் தோள்ல சாத்தி வச்சுக்கிட்டிருக்கேன்?” என்றார். பக்கத்துக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

புது ரைபிள் விஷயத்தை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே குழம்பக்கூடாது.

பழைய மாடல் மரக்கட்டையும் கடைந்தெடுத்த எஃகும். கனம். எண்ணெய் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. இப்போது வாங்குகிறவர்கள், எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பதில்லை. எடை எவ்வளவு, எத்தனை மாதத்தில் கொடுப்பீர்கள், ஆட்களுக்குப் பழக்க எத்தனை மணி நேரம் என்கிறார்கள். அதனால் புது மாடல் பிளாஸ்டிக் உடம்பு, பாதி எடை. போல்ட் மேல் கறுப்பாக ஒரு பூச்சு, அதற்கு எண்ணெயே வேண்டாம். ‘எண்ணெய் கேட்காத துப்பாக்கி’ என்று விற்பனைத் தலைவர் போகிற இடமெல்லாம் சொல்கிறார். அச்சடித்தும் கொடுத்துவிட்டார். பழைய மாடலில் கடைசி ஆர்டர் ஒன்று பாக்கி இருப்பதால் சோதனை அறையில் காலையில் பழையது, மதியம் புதியது.

இப்போது மலைக்காவல் முகாம்களிலிருந்து புகார். நானூறு தோட்டா தாண்டினால் புது ரைபிள் சிக்கிக்கொள்கிறதாம். ஒரு முகாமில் சிக்கிய தோட்டாவை எடுக்கப் போய் ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது.

நாங்கள் மூன்று ரைபிள்களை எடுத்து, எண்ணெய் போடாமல், துடைக்காமல், ஒவ்வொன்றிலும் ஆறாயிரம் சுட்டுப் பார்த்தோம். பதினெட்டாயிரத்தில் இரண்டே இரண்டு சிக்கல். மூன்று முறை கணக்குப் போட்டேன். ரிப்போர்ட் எழுதினேன். வடிவமைப்பில் குறை தெரியவில்லை. கடைசியில், ‘போல்ட் பொருத்தும் நிலையில் ஆராயலாம்’ என்று ஒரு வரி. சுட்டவர் என்று மைக்செட் அண்ணன் கையெழுத்து, ஆய்வு என்று என் கையெழுத்து.

மேனேஜர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, “படிச்ச பொண்ணுங்கிறது சரியாத்தான் இருக்கு” என்றார். வீடு வரை நடந்ததே தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

போல்ட் பிரிவில் ஆறு பேரை, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் சித்தியும் ஒருத்தி.

மார்ச் 13, வியாழன்

காலையில் தனியாகப் போனேன். இரண்டு வருடமாகச் சித்தியும் நானும் சேர்ந்துதான் போவோம். வாசலில் அவள் தொழிலாளர் கேட்டுக்கு, நான் ஆபீஸ் கேட்டுக்கு. பிரியும்போது என் பை வாரைச் சரிசெய்துவிடுவாள். இன்று வார் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

இதை மழுப்பாமல் எழுத வேண்டும். அந்த வரி எழுதும்போது போல்ட் பிரிவு என்றால் சித்தி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். ஆனால் எழுதும்போது அது ஒரு பிரிவாக மட்டும்தான் இருந்தது. சித்தி அதில் உட்கார்ந்திருக்கவில்லை. எப்படி அப்படி எழுத முடிந்தது என்னால்?

நேற்று மாலை நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வரி யாருடையது என்று கேட்டாள். என்னுடையது என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். சித்தி நோட்டீஸை நாலாக மடித்தாள்.

“ஆறு பேர்ல யாரு கைன்னும் சேத்து எழுதியிருக்கலாமே. மத்த அஞ்சு பேராவது தப்பிச்சிருப்பாங்க.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிறாள். தண்ணீர் வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. நான் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் டபுள் ஷிப்ட் பார்த்தவள்.

மார்ச் 17, திங்கள்

புகார் வந்த ரைபிள்கள் நாலு திரும்பி வந்தன. பிரித்துப் போட்டேன். போல்ட்டின் மேல் கரி சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நகத்தால் கீறினால் நகம்தான் போகிறது.

அப்புறம் அலமாரியில் வைத்திருந்த, நாங்கள் சோதித்த மூன்றையும் எடுத்தேன். அங்கேயும் கரிதான். ஆனால் மாவுபோல, ஊதினால் பறக்கிறது. ஆறாயிரம் சுட்டது மாவு, நானூறு சுட்டது சிமெண்ட். அதெப்படி?

ஒவ்வொரு போல்ட்டிலும் பொருத்தியவர் எண் பொடியாக அடித்திருக்கும். பார்த்தேன். சிக்கியவையும் அதே ஆறு பேர் கை, நன்றாக ஓடியவையும் அதே ஆறு பேர் கை. ஓடிய மூன்றில் ஒன்று சித்தி பொருத்தியது! இதைப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டேன்? ரிப்போர்ட்டுக்கு முன்னால் போல்ட்டைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதுமே. மூன்று முறை கணக்குப் போட்டேனாம், கணக்கு!

சாயங்காலம் ஒன்று கண்ணில் பட்டது. நன்றாக ஓடிய மூன்றிலும் போல்ட்டின் வலது பக்கம், விரல் அகலத்துக்கு, கரி இல்லாத ஒரு பளபளப்பு. தயாரித்தபோது வந்த குறி என்று முதலில் நினைத்தேன். பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். பளபளப்பின் ஓரத்தில், மென்மையான கரியில், வளைவு வளைவாகக் கோடுகள். ஒன்றுக்குள் ஒன்று.

ரேகை.

எழுந்து நின்றுவிட்டேன். ஆயிரக்கணக்கான வெடிப்புக்கு நடுவில், எஃகும் நெருப்பும் இருக்கிற அந்த இடத்தில், ஒரு மனிதக் கட்டைவிரல்.

மார்ச் 18, செவ்வாய்

அந்த மூன்று ரைபிள்களையும் சுட்டபோது வேகக் கேமரா எடுத்த படங்களை மறுபடி போட்டேன். இதுவரை நான் வெடிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன். இன்று நிறுத்தவில்லை.

முப்பதாவது தோட்டா போனதும் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, காலி. போல்ட் பின்னாலேயே நின்றுவிடுகிறது, கூடு வெளியேறும் பக்கவாட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. அண்ணனின் இடது கை காலி மேகசினை உருவுகிறது. வலது கை இடுப்புப் பாக்கெட்டில் இருக்கும் துணியைத் தொடுகிறது. பிறகு கட்டைவிரல் ஜன்னல் வழியே வந்து, போல்ட்டை ஒரு தரம் தடவிவிட்டுப் போகிறது. குழந்தைக்கு ஊட்டிவிட்டு வாயோரம் துடைப்பதுபோல. கையைச் சுடுகிற சூடு. அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

அடுத்த மேகசின். அதே மாதிரி. அடுத்தது. அதே மாதிரி. ஒரு தடவைகூடத் தவறவில்லை, ஒரு தடவைகூட விரல் இடம் மாறவில்லை.

ஒரு ரைபிளுக்கு இருநூறு மேகசின். இருநூறு தடவல். மூன்று ரைபிளுக்கு அறுநூறு. எங்கள் தாளில் எவ்வளவு கட்டம் இருக்கிறது! தோட்டா எண், சிக்கல், காரணம், வெப்பம், ஈரப்பதம். இதற்குக் கட்டமே இல்லை.

மார்ச் 19, புதன்

துணியில்தான் இருக்கிறது சூட்சுமம். காலையில் பழைய ரைபிளைச் சுடும்போது அந்தத் துணியை எண்ணெயில் நனைப்பார், அதற்கு அது வேண்டும். மதியம் புதிய ரைபிளுக்கு எண்ணெய்ப் புட்டியை அறையிலிருந்தே எடுத்துவிடுகிறோம். விதி. நானே எடுத்து வெளியில் வைத்திருக்கிறேன். துணி மட்டும் அவர் பாக்கெட்டில் இருக்கிறது. மதியத்தில் அது வெறும் அழுக்குத் துணி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும்.

எண்ணெய் கேட்காத துப்பாக்கி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் விரல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் சொன்னால் அண்ணன் கதி? ‘விதிப்படி எண்ணெயின்றிச் சுடப்பட்டது’ என்பதற்குக் கீழே அவர் கையெழுத்து. சொல்லாவிட்டால் சித்தியும் மற்ற ஐந்து பேரும். மலை மேலே இருக்கிறவர்களும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இருந்தும் நாள் முழுக்க யோசித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

அண்ணனுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். சிரித்தார். அது ஏதோ ஒரு தடவை பட்டிருக்கும், அவர் கை அப்படிப் போகிற கை இல்லை என்றார். சீட்டில் ‘அறுநூறு தடவை’ என்று எழுதி நீட்டினேன். சிரிப்பு நின்றது.

கையுறை போட்டுச் சுட முடியுமா என்று கேட்டேன். புதுப் பருத்திக் கையுறை, துணி வெளியில்.

“போட்டா டிரிகர் தெரியாதே தங்கச்சி. சரி, கொண்டா. சந்தேகம்னு வந்துட்டா தீத்துக்கணும்.”

கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். முன்னூறு வரை ஒன்றுமில்லை. ஒவ்வொரு மேகசினுக்கும் கை இடுப்புக்குப் போனது, துணி இல்லாத பாக்கெட்டைத் தொட்டது, கையுறைக் கட்டைவிரல் போல்ட்டைத் தடவியது. தடவக்கூடாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் போகிறது. நான்காவது மேகசினிலேயே அவர் தன் கையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முன்னூற்றுத் தொண்ணூற்று ஒன்று. சிக்கியது. எடுத்துவிட்டுத் தொடர்ந்தார். நானூற்று இரண்டு. நானூற்று ஏழு.

ரைபிளை மேசையில் வைத்தார். கையுறையைக் கழற்றி வலது கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு பேசினார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அப்போ நான் சோதிச்சது துப்பாக்கியை இல்ல. என்னையேதான் சோதிச்சிருக்கேன்.”

கையுறையை என்னிடம் நீட்டி, “எழுது. ஏமாத்தினான்னு மட்டும் எழுதாத” என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

அதே ரைபிள். அதே போல்ட். கரியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அதே கையுறை. இம்முறை மேகசினுக்கு ஒரு சொட்டு எண்ணெய், நானே எண்ணி ஊற்றினேன். இன்றோடு ஆறாயிரம். ஒரு சிக்கல்கூட இல்லை.

ஒரு சொட்டு! முப்பது வெடிப்புக்கு ஒரு சொட்டு. மழைத்துளியில் பாதி இருக்காது. அது இருந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் ஒருவர் விரல் போகிறது.

நாளைக்கு மீட்டிங்கில் நான் பேச வேண்டும். நான்!

மார்ச் 26, புதன்

முழுதாக எழுதுகிறேன்.

நீள மேசை. மேனேஜர், விற்பனைத் தலைவர், இன்னும் நாலு பேர். அண்ணனைக் கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து படித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் வாய்க்குள் போய்விட்டது.

கதவோரத்திலிருந்து சத்தம். “தங்கச்சி, சத்தமா சொல்லு. என்னைப் பத்திச் சொல்ற, எனக்கே கேக்கல.”

யாரோ சிரித்தார்கள். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், அவருக்குக் கேட்கிற அளவுக்கு. அதாவது கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு அறையில் நின்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் பொய் சொல்லவும் முடியாது, மழுப்பவும் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

விற்பனைத் தலைவர், இது ஒரு ஆள் செய்த தவறு, அந்த ஆளை மாற்றினால் முடிந்தது என்றார். மேனேஜர், ‘சுட்டவர் விதியை மீறினார்’ என்று ஒரு வரி போட்டுவிடலாமே என்று என்னைப் பார்த்தார். போன தடவையும் ஒரே ஒரு வரிதான்.

“அவரை மாத்தினாலும் மலையில சிக்கத்தான் செய்யும் சார். தப்பு அவர் கையில இல்ல, நாம போட்ட தாள்ல இருக்கு. துப்பாக்கி என்ன செஞ்சதுன்னு கேட்டோம். சுடுறவர் என்ன செஞ்சார்னு கேக்கவே இல்ல. போல்ட் பிரிவுன்னு எழுதினது நான். பொருத்தினவங்க நம்பரைக்கூடப் பாக்காம எழுதினேன். அதுவும் தப்பு.”

ஓடியதும் சிக்கியதும் ஒரே கைகள் பொருத்தியவை என்று எண்களைப் படித்துக் காட்டினேன். சித்தியின் எண்ணையும் அதே சத்தத்தில் படித்தேன்.

“எண்ணெய் வேணாம்னு ஊர் பூரா அச்சடிச்சுக் குடுத்தாச்சும்மா. இப்போ ஒரு கட்டைவிரலை நம்பி விக்கச் சொல்றியா?” என்றார் விற்பனைத் தலைவர்.

“ஒரு சொட்டு எண்ணெயைச் சொல்லி விக்கலாம் சார்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணன் என் கையிலிருந்த தாள்களை வாங்கி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஏப்ரல் 2, புதன்

மீட்டிங் முடிவு இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டது. எல்லா முகாம்களுக்கும் கடிதம் போகிறது, ஒவ்வொரு ரைபிளோடும் சின்னப் புட்டி ஒன்று சேர்கிறது, முப்பதுக்கு ஒரு சொட்டு என்று. விளம்பரத்தைத் திரும்பப் பெறுகிறார்கள். விற்பனைத் தலைவர் என்னைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். இனி சுடுவதற்கு இயந்திரக் கை வாங்கப் போகிறார்களாம். அதற்குப் பழக்கம் என்று ஒன்று வராது.

ஆறு பேரும் திங்களிலிருந்து வேலைக்கு வரலாம். ஒரு வரி வருத்தம்கூட அந்தக் காகிதத்தில் இல்லை.

அண்ணனைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதமும் உண்டு. நான் எதிர்த்து எழுதிக் கொடுத்தேன், எடுபடவில்லை. பார்க்கப் போனேன். எண்ணெய் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். “இங்க எவ்வளவு வேணும்னாலும் தடவலாம் தங்கச்சி, கேக்க ஆளில்ல” என்று கத்தினார். சிரித்தோம். ஆனால் அவர் சுடும் அறை இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. அவரை இங்கே உட்கார வைத்தது நான்தான். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

வீட்டில் சித்தியிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்தாள். யூனிஃபார்மைத் துவைக்கப் போட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

எந்தப் பிரிவைப் பற்றி எழுதினாலும் அந்தப் பிரிவில் ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்த பிறகே எழுத வேண்டும். இது புது விதி, நான் கேட்டு வாங்கியது. முதல் நாள் இன்று. போல்ட் பிரிவு. தொழிலாளர் கேட் வழியாகப் போனேன்.

சித்தியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று கேட்கவில்லை. ஒரு போல்ட்டில் பதினொரு பாகம். சித்தியின் கை அவற்றைத் தேடுவதில்லை, அவை தானாக வந்து அவள் விரலில் ஏறுவதுபோல இருக்கிறது. ஸ்பிரிங் உள்ளே போகும் கணத்தில் மட்டும் மூச்சைப் பிடிக்கிறாள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த மூச்சை நான் கேட்டதே இல்லை.

முதல் போல்ட்டை முடித்துத் தன் எண்ணை அடித்தாள். ஆய்வுத் தாளையும் அதையும் சேர்த்து என் பக்கம் தள்ளினாள். ஐந்தரை வாரத்துக்குப் பிறகு பேசினாள்.

“பாத்துட்டுப் போடு.”

பிரித்தேன். பதினொன்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினேன். அளந்தேன். வரிசையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, சித்தி அவசரப்படுத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். குறை ஒன்றும் இல்லை. அவள் எண்ணுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சித்தி அடுத்ததை எடுத்தாள்.